பிக் நழுவாமல் வாசிக்க

கிட்டார் கற்கத் தொடங்கியவர்கள் முதல் சில மாதங்களில் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "பாதிப் பாட்டில் பிக் திரும்பிக்கொள்கிறது, சில நேரம் கையை விட்டே போய்விடுகிறது. என்ன செய்வது?" கேட்பதற்கு முன்பே அவர்கள் ஒரு வழியைச் செய்து பார்த்திருப்பார்கள். இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பார்கள். இறுக்கிய சில நிமிடங்களில் கட்டைவிரலின் அடிச்சதை வலிக்கத் தொடங்கும், மணிக்கட்டு விறைக்கும், ஒலி முரட்டுத்தனமாக மாறும். அப்படியும் பிக் திரும்பும்.

இந்த அத்தியாயத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குப் பிக் நழுவுவது விரலில் பலம் போதாததால் அல்ல. தந்தியோடு தேவைக்கு மேல் மோதுவதால்தான். அந்த மோதலைக் குறைத்துவிட்டால், இப்போது உங்கள் விரலில் இருக்கும் பலமே போதும். எனவே பிடியைச் சரிசெய்வதோடு, தந்தியைத் தொடும் விதத்தையும் பிக்கின் வகையையும் சேர்த்தே பார்க்கப்போகிறோம். (வலக்கையால் மீட்டுபவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இடக்கைக்காரர்கள் கையை மாற்றிக்கொள்ளுங்கள்.)

பிக் ஏன் திரும்புகிறது

தந்தியை மீட்டும்போது பிக் தந்தியைத் தள்ளுகிறது, தந்தியும் அதே விசையோடு பிக்கைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த விசை பிக்கின் முனையில் விழுகிறது. நீங்கள் பிடித்திருப்பதோ அதிலிருந்து சற்றுத் தள்ளி. இந்த இடைவெளிதான் பிக்கைச் சுழற்றுகிறது. கட்டைவிரல் அழுத்தும் நடுப்புள்ளிக்கும் தந்தி படும் இடத்துக்கும் இடையே 1 செ.மீ. இருந்தால் ஓர் அளவு திருப்புவிசை. அதே தூரம் 2 செ.மீ. ஆனால் இரண்டு மடங்கு. பிக்கின் பின்நுனியைப் பிடித்துக்கொண்டு வாசிப்பவர்கள் எவ்வளவு இறுக்கினாலும் தோற்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு காரணம், தொடும் பரப்பு. கட்டைவிரலின் நுனி மட்டும் பிக்கின்மேல் ஒரு புள்ளியாக அழுத்தினால், அந்தப் புள்ளியையே அச்சாகக் கொண்டு பிக் சுழலும். விரலின் சதைப்பகுதி பரவலாகப் படிந்திருந்தால் அவ்வளவு எளிதில் சுழலாது. ஆகவே முனை குறைவாக வெளியே தெரியவேண்டும், விரல் அதிகமாகப் படியவேண்டும். கீழே வரும் எல்லாமே இந்த இரண்டிலிருந்து பிறப்பவைதான்.

பிடிக்கும் முறை

வலக்கையை மடியில் தளர விடுங்கள். விரல்கள் தாமாகவே சற்று மடங்கி நிற்கும். அந்த மடிப்பை மாற்றாமல் கையை மேலே கொண்டுவாருங்கள். ஆள்காட்டி விரலை மட்டும் இன்னும் கொஞ்சம் உள்ளே மடக்குங்கள். நகத்துக்கு அடுத்த கணுவின் பக்கவாட்டில், கட்டைவிரலைப் பார்த்தபடி ஒரு சிறு தட்டையான இடம் இருக்கும். பிக்கை அதன்மேல் கிடத்துங்கள். பிக்கின் முனை கட்டைவிரலுக்கு ஏறத்தாழச் செங்குத்தாக வெளியே நீட்டட்டும். இப்போது கட்டைவிரலை மேலிருந்து மூடி வையுங்கள். கட்டைவிரல் நேராகவோ மிக லேசாக மடங்கியோ இருக்கலாம். பின்பக்கமாக வில் போல வளையும் அளவுக்கு அழுத்தக்கூடாது.

சாதாரணப் பிக் சுமார் 3 செ.மீ. நீளம் இருக்கும். அதில் விரலுக்கு வெளியே தெரியவேண்டியது 5 அல்லது 6 மி.மீ. மட்டுமே. முதன்முறை இப்படிப் பிடிக்கும்போது முனையே இல்லாதது போலத் தோன்றும், விரல் தந்தியில் இடித்துவிடுமோ என்ற பயமும் வரும். இடிக்காது. தந்தி உண்மையில் சந்திப்பது கடைசி 2, 3 மி.மீட்டரைத்தான்.

மீதி மூன்று விரல்களை என்ன செய்வது என்பதற்கு ஒரே விடை கிடையாது. விரித்து வைக்கலாம், உள்ளங்கைக்குள் தளர்வாகச் சுருட்டலாம், சுண்டுவிரலைக் கிட்டாரின் மேற்பலகையில் மெல்லத் தொட வைக்கலாம். முஷ்டியாக இறுக்குவது மட்டும் கூடாது. அந்த இறுக்கம் கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் பரவிவிடும்.

இது மட்டுமே சரியான பிடி என்று நான் சொல்லமாட்டேன். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிக்கைப் பிடித்தார். அதனால் ஆள்காட்டி விரல் ஃபிரெட்போர்டில் தட்டி வாசிக்கத் தயாராக இருந்தது. மெட்டாலிக்கா குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் கட்டைவிரலோடு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடிக்கிறார். டவுன் ஸ்ட்ரோக்காகவே (கீழ்நோக்கிய மீட்டலாகவே) நீளும் அவருடைய வாசிப்புக்கு அந்த மூன்று விரல் பிடி நல்ல துணை. விரல்கள் மெலிந்தவர்கள், பெரிய முக்கோணப் பிக் வைத்திருப்பவர்கள், ஸ்ட்ரம்மிங்கில் மட்டும் பிக்கைத் தவறவிடுபவர்கள் மூன்று விரல் பிடியைச் சோதித்துப் பார்க்கலாம். ஒற்றை ஒற்றைச் சுரமாக வேகமாக வாசிக்க இரண்டு விரல் பிடியே சுலபம் என்பது என் கருத்து. எதைத் தேர்ந்தாலும் சில வாரங்கள் அதிலேயே நில்லுங்கள். நாளுக்கொரு பிடி மாற்றினால் கைக்கு எதுவும் பழகாது.

எவ்வளவு அழுத்தம்?

வாசல் தெளித்துக் கோலம் போடுபவரின் விரல்களைக் கவனித்திருப்பீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவைப் பிடித்திருக்கும். அழுத்தம் கூடினால் மாவு இறங்காது, குறைந்தால் கொட்டிவிடும். இழை வளையும் இடத்தில் ஒரு அழுத்தம், நேராக ஓடும் இடத்தில் வேறு அழுத்தம். பிக்கைப் பிடிப்பதும் அப்படி நொடிக்கு நொடி மாறுகிற வேலைதான். பாட்டு முழுவதற்கும் ஒரே இறுக்கம் என்று ஒன்று இல்லை.

உங்களுக்கான அளவைக் கண்டுபிடிக்க இதைச் செய்யுங்கள். இடக்கையால் தந்திகளை மெல்லத் தொட்டு ஒலியை அடக்கிக்கொள்ளுங்கள். வலக்கையில் பிக்கை மிகத் தளர்வாக, விழுந்தாலும் விழட்டும் என்ற அளவில் பிடித்து மெதுவாக ஸ்ட்ரம் செய்யுங்கள். விழட்டும். எடுத்து, முன்பைவிடச் சற்றே அழுத்திப் பிடித்து மீண்டும் செய்யுங்கள். இப்படி ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பிக் விழாது, ஆனால் கொஞ்சம் ஆடும். அதற்கு மேலும் ஒரு துளி அழுத்தம் சேர்த்தால் அதுதான் உங்கள் அடிப்படை அளவு. இதுவரை நீங்கள் பிடித்துவந்ததைவிட அது எவ்வளவு குறைவு என்று தெரியும்போது பலர் வியப்பார்கள். சரிபார்க்க இன்னொரு வழி: பிடித்திருக்கும்போதே இடக்கையால் பிக்கின் முனையைப் பிடித்து இழுங்கள். சிறு எதிர்ப்புக் காட்டிவிட்டு வெளியே வரவேண்டும். வரவே மறுத்தால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள்.

உரக்க வாசிக்கும் இடத்தில் அழுத்தம் இயல்பாகக் கூடும், கூடட்டும். சிக்கல் எங்கே என்றால், அந்த இடம் முடிந்த பிறகும் பலர் தளர்த்துவதில்லை. சரணம் முடிந்து பாட்டு அடங்கும்போது விரலும் அடங்கவேண்டும். இதைத் தனியே பழகுங்கள்: ஒரே கார்டை நான்கு தாளச் சுற்று மெதுவாக, நான்கு சுற்று உரக்க, மறுபடி நான்கு சுற்று மெதுவாக.

தந்தியைத் தொடும் விதம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பிடி சரியாக இருந்தும் பிக் நழுவுகிறவர்களுக்குக் கோளாறு பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் ஆழம். பிக் தந்திகளுக்கு இடையே எவ்வளவு ஆழமாக இறங்குகிறதோ அவ்வளவு தூரம் தந்தியை இழுத்துவிட்டுத்தான் வெளியேற முடியும். 1 மி.மீ. ஆழத்தில் உரசிச் செல்லும் முனைக்கும் 5 மி.மீ. ஆழத்தில் தோண்டும் முனைக்கும் விரல் தாங்கவேண்டிய விசையில் பெரிய வேறுபாடு உண்டு. ஒலி வேண்டுமானால் ஆழத்தைக் கூட்டாதீர்கள், வேகத்தைக் கூட்டுங்கள். அதே மேலோட்டமான தொடுதலில் மணிக்கட்டை விரைவாக வீசினாலே ஒலி எழும்.

அடுத்தது கோணம். பிக்கின் தட்டையான முகம் தந்திக்கு முற்றிலும் இணையாக இருந்தால், முழு விளிம்பும் ஒரே நேரத்தில் தந்தியில் முட்டும். 20 அல்லது 30 டிகிரி அளவுக்குத் திருப்பிப் பிடித்தால், சாய்ந்த விளிம்பில் தந்தி சறுக்கிச் செல்லும், எதிர்ப்பு குறையும், ஒலியும் சற்றுத் தடித்து மென்மையாகும். இதைத் தவிர மேல்கீழ்ச் சாய்வும் உண்டு: கீழே வரும்போது முனை லேசாக மேல்நோக்கியும், மேலே போகும்போது லேசாகக் கீழ்நோக்கியும் பின்தங்கி வரவேண்டும். பிடி தளர்வாக இருந்தால் இது தானே நடக்கும். இறுக்கிப் பிடிப்பவரிடம் நடக்காது. அதனால்தான் அவருடைய அப் ஸ்ட்ரோக் தந்தியில் சிக்கிக்கொள்கிறது.

அப் ஸ்ட்ரோக்கைப் பற்றித் தனியாக ஒரு சொல். ஆறு தந்தியையும் மேல்நோக்கி இழுக்க வேண்டிய தேவை அரிதாகவே வரும். முதல் மூன்று, மிஞ்சினால் நான்கு மெல்லிய தந்திகளைத் தொட்டுவிட்டுக் கை விலகிவிடலாம். காதுக்கு அது போதும். பிக்குக்குப் பாதி ஆபத்து அத்தோடு நீங்கிவிடும்.

அசைவு முழங்கையிலிருந்து மட்டும் வந்தால் கையின் மொத்த எடையும் தந்தியில் விழும். மணிக்கட்டும் முன்கையின் சிறு சுழற்சியும் சேர்ந்து அந்த வேலையைச் செய்யட்டும். முழங்கை பின்னணியில் இருந்தால் போதும்.

உங்கள் கோளாறு எந்த அசைவில் இருக்கிறது என்று கண்டறிய ஓர் எளிய சோதனை. மார்க்கர் பேனாவால் பிக்கின் பின்நுனியிலிருந்து முனை வரை நேர்க்கோடு ஒன்று வரையுங்கள். ஒரு நிமிடம் டவுன் ஸ்ட்ரோக் மட்டும் வாசித்துவிட்டு, கோடு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். நேராக்கிக்கொண்டு, ஒரு நிமிடம் அப் ஸ்ட்ரோக் மட்டும். எதில் அதிகம் திரும்பியதோ அதில்தான் ஆழமாகத் தோண்டுகிறீர்கள். அந்த அசைவை மட்டும் ஒரு வாரம் மென்மையாக்கிப் பழகுங்கள்.

எந்தப் பிக் வாங்கலாம்

முற்காலத்தில் பிக்குகளை அழுங்காமையின் ஓட்டிலிருந்து செதுக்கினார்கள். ஒலிக்காகவும் விரலோடு ஒட்டி நிற்கும் தன்மைக்காகவும் அதைப் புகழ்ந்தார்கள். மன்னார் வளைகுடாவிலும் வாழும் அந்த ஆமை அழிவின் விளிம்பில் நிற்கிறது. 1970களில் அதன் ஓட்டைப் பன்னாட்டளவில் வணிகம் செய்வது தடைசெய்யப்பட்டது. இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. யாராவது 'அசல் ஆமை ஓடு' என்று விற்றால் வாங்கவே வாங்காதீர்கள். ஓட்டுக்கு மாற்றாக 1920களில் நியூயார்க்கில் டிஆண்ட்ரியா நிறுவனம் செல்லுலாய்டில் பிக் வெட்டத் தொடங்கியது. இன்று கடைகளில் தொங்கும் பளபளப்பான, கோலிக்குண்டு நிறங்கள் கலந்த பிக்குகள் அந்த மரபில் வந்தவை.

செல்லுலாய்டின் ஒலி எனக்குப் பிடிக்கும். ஆனால் வழவழப்பான அதன் மேற்பரப்பு ஈரக்கைக்கு ஏற்றதல்ல. நைலான் பிக்குகளில் பிடிக்கும் இடத்தில் எழுத்தோ சிறு மேடுகளோ எழும்பி நிற்கும்படி வார்த்திருப்பார்கள். விரலுக்கு அது நல்ல பிடிமானம். டன்லப்பின் டார்டெக்ஸ் போன்றவை டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. அவற்றின் பரப்பு மங்கலாக, பவுடர் பூசியது போல இருக்கும். வியர்க்கும் கைகளுக்கு முதல் தேர்வாக நான் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான். நீண்ட நாள் வாசித்தால் கட்டைவிரல் படும் இடம் மழுங்கிப் பளபளப்பாகிவிடும். அப்போது முனை நன்றாகவே இருந்தாலும் புதியதை எடுங்கள்.

தடிமனும் பிடியோடு தொடர்புடையது. 0.50, 0.60 மி.மீ. பிக்குகள் வளைந்துகொடுப்பதால் தந்தியின் தள்ளலில் ஒரு பங்கை அவையே ஏற்றுக்கொள்கின்றன. 1 மி.மீ. தாண்டினால் பிக் வளையாது, முழுத் தள்ளலும் விரலுக்கு வரும். ஸ்ட்ரம்மிங் தொடங்குபவருக்கு 0.60 முதல் 0.73 வரை, ஒற்றைச் சுர வாசிப்புக்கு 0.88 முதல் 1.0 வரை பொருத்தமாக இருக்கும். குவீன் குழுவின் பிரையன் மே பழைய ஆறு பென்னி நாணயத்தால் வாசிப்பவர். நாணயம் துளியும் வளையாது, ஆகவே நெகிழ்வு முழுவதும் விரலிலிருந்தே வரவேண்டும். தடித்த பிக்குக்கு மாறும்போது பிடியைத் தளர்த்தவேண்டும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

வியர்வையும் எண்ணெயும்

நம் ஊர் வெயிலிலும் கடற்கரை நகரங்களின் புழுக்கத்திலும் வாசிப்பவர்களுக்கு இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் உள்ளங்கையும் விரல்களும் வெப்பத்துக்கு வியர்ப்பதைவிடப் பதற்றத்துக்குத்தான் அதிகம் வியர்க்கும். வீட்டில் ஒட்டியிருந்த பிக் மேடையில் வழுக்குவது இதனால்தான்.

வேறொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும்: மிகவும் உலர்ந்த விரலும் வழுக்கும். லேசான ஈரப்பசை தோலின் பிடிப்பைக் கூட்டுகிறது, அது படலமாகத் தேங்கும்போதுதான் கெடுக்கிறது. ஏ.சி. அரங்கில் பிக் வழுக்கினால் விரலில் வாயால் ஊதி வெப்பக் காற்றுப் படச் செய்யுங்கள். திறந்தவெளிக் கச்சேரியில் வழுக்கினால் பருத்திக் கைக்குட்டையால் விரலையும் பிக்கையும் துடையுங்கள். பிக்கைத் துடைக்க மறந்துவிடுகிறார்கள். அதன்மேல் படிந்த பழைய வியர்வைக்கும் எண்ணெய்க்கும் சோப்புத் தண்ணீரில் ஒரு கழுவல் போதும்.

எண்ணெய் வியர்வையைவிட மோசம். வாசிக்குமுன் வடை, பஜ்ஜி சாப்பிட்ட கை, தலைமுடியை ஒதுக்கிய கை, கிரீம் தடவிய கை எதுவானாலும் சோப்புப் போட்டுக் கழுவி, முற்றிலும் துடைத்துவிட்டு கிட்டாரைத் தொடுங்கள். தந்திக்கும் அது நல்லது. டால்கம் பவுடர் வேண்டாம். ஈரத்தை உறிஞ்சினாலும் மீதமாகும் தூள் விரலை வழுக்க வைக்கும். வயலின் வித்வான்கள் வில்லுக்குப் பூசும் ரோசினைக் கட்டைவிரலில் ஒரு பொட்டு வைப்பவர்கள் உண்டு. வேலை செய்யும், ஆனால் தந்தியிலும் பிசுபிசுப்பு ஏறும். மற்ற வழிகள் பயன்படாதபோது மட்டும் இதற்கு வாருங்கள். சும்மா இருக்கும்போதும் கையிலிருந்து வியர்வை சொட்டுமானால் அது மருத்துவம் உள்ள நிலை. தோல் மருத்துவரைப் பாருங்கள், கூச்சப்பட எதுவுமில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

வழவழப்பான பிக்கின் இருபுறமும், கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும், உப்புத்தாளால் தேயுங்கள். அல்லது காம்பஸ் முள்ளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். முனைப்பகுதியைத் தொடாதீர்கள், கீறிய முனை தந்தியில் உரசும் சத்தம் எழுப்பும். காகிதம் துளைக்கும் பஞ்சிங் மெஷினால் நடுவில் ஒரு துளை போடுவது இன்னும் நல்ல வழி. இரு விரல்களின் சதையும் துளையில் புகுந்து ஒன்றையொன்று தொடும், பிக் சுழல இடமில்லாமல் போகும். மெல்லிய, நடுத்தரப் பிக்குகளில் இது எளிது. தடித்தவற்றில் மெஷின்தான் உடையும். ரப்பரையோ உப்புத்தாள் துண்டையோ உடனே ஒட்டும் பசையால் ஒட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: டெல்ரினிலும் நைலானிலும் அந்தப் பசை சரியாகப் பிடிக்காது, பாதிப் பாட்டில் உரிந்து வரும்.

மேடையில்

முதலில் ஒரு ஆறுதல். கைதேர்ந்தவர்களின் விரலிலும் பிக் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அவர்கள் அதைக் கார்டு மாறும் இடைவெளியில் நடுவிரலால் ஒரு தட்டுத் தட்டி நேராக்கிவிடுகிறார்கள், நமக்குத் தெரிவதில்லை. இதையும் பழகவேண்டும். மெட்ரோனோமை 60இல் வைத்து, நான்கு எண்ணிக்கை வாசியுங்கள். ஐந்தாவது எண்ணிக்கையில் கையைத் தூக்கி, வேண்டுமென்றே பிக்கைச் சற்றுத் திருப்பி, ஆறு, ஏழில் ஒரே கையால் நேராக்கி, எட்டில் தயாராகுங்கள். இது கைக்கு வந்துவிட்டால் நழுவல் பயமே பாதி போய்விடும்.

விழுந்தே விட்டால் நிறுத்தாதீர்கள். கீழே குனிந்து தேடவும் வேண்டாம். ஆள்காட்டி விரல் நகத்தால் கீழ்நோக்கியும் கட்டைவிரலால் மேல்நோக்கியும் ஸ்ட்ரம்மிங்கைத் தொடருங்கள். ஒலி குறையும், தாளம் நிற்காது. பல்லவி திரும்பும் இடத்தில் உதிரிப் பிக்கை எடுத்துக்கொள்ளலாம். அது மைக் ஸ்டாண்டில் செருகியிருக்கட்டும், அல்லது ஹெட்ஸ்டாக்கில் தந்திகளுக்கு இடையே. கிட்டாரின் உடலில் டேப் போட்டு ஒட்டவேண்டாம், பாலிஷ் உரியக்கூடும். பிக் ஒலித்துளைக்குள் விழுந்திருந்தால் கச்சேரி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்: கிட்டாரை மெல்ல அசைத்து, பிக்கைத் துளைக்கு நேர்கீழே கொண்டுவந்து, சட்டென்று கவிழ்த்தால் விழும்.

கட்டைவிரலின் அடியிலோ மணிக்கட்டிலோ வலி ஓய்வெடுத்தும் தீராவிட்டால், விரல் மரத்துப்போனால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த அத்தியாயம் மேலும் கீழும் மாறி மாறி வேகமாக மீட்டுவதைப் பற்றியது. கோடு வரைந்த பிக்கால் ஒரு முழுப் பாட்டை ஸ்ட்ரம் செய்து, முடிவில் கோடு ஏறக்குறைய நேராகவே நிற்கும்வரை அதற்குப் போகாதீர்கள். இரண்டு வாரம் ஆனாலும் சரி, இரண்டு மாதம் ஆனாலும் சரி.